சரியா அஞ்சு பேருக்கு

பயமில்ல தம்பி, நா இந்த ரோட்டுல ஓட்டாத வண்டி இல்ல. பிரேக்ல கால் வைக்காமலே எறங்குது பாருங்க, அதுதான் ஒரு மாதிரி இருக்கு. எக்ஸலேட்டர்லேருந்து கால எடுத்தா அதுவாவே புடிச்சுக்குது. பின்னுக்கு நின்னு யாரோ சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி. ஓ, அதுலதான் சார்ஜ் ஏறுதா? ஆமா, கடுகண்ணாவையில பாத்ததவிட ஒரு நம்பர் கூடத்தான் காட்டுது. பள்ளத்துல எறங்கினதுக்குக் கூலி குடுக்குது உங்க வண்டி. இத எங்கப்பாகிட்ட சொன்னா நம்ப மாட்டாரு.

பாவம், அங்க ஷோறூம்ல உட்கார்ந்திருக்காரு. கூட வர்றேன்னு தான் எந்திரிச்சாரு. நாந்தான், ஓட்டிப் பாக்க ரெண்டு பேருக்கு மேல விட மாட்டாங்களாம் அப்பான்னு சொல்லிட்டேன். தெரியும் தம்பி, நீங்க அப்பிடி ஒண்ணும் சொல்லல, ஐயாவும் வரட்டும்னு தான் சொன்னீங்க. மன்னிச்சுக்குங்க. அவரு முன் சீட்டுல ஏறினாருன்னா நா ஓட்டிப் பாக்க முடியாது. ஹோர்ன் அடி, எடது பக்கம் ஒதுக்கு, அந்தா பஸ் வருதுன்னு சொல்லிக்கிட்டே வருவாரு. முப்பது வருசம் கண்டி கலகெதர பஸ் ஓட்டினவரு. செல்லச்சாமி டிரைவர்னு கலகெதர கடையில கேட்டுப் பாருங்க, இன்னமும் ஆள் இருக்கு தெரிஞ்சவங்க. காலையில பாத்தீங்கதானே, குனிஞ்சு வண்டிக்கு அடியில டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு, எஞ்சின் எங்கன்னு உங்ககிட்ட கேட்டாரே. நீங்க சிரிக்காம பதில் சொன்னீங்க. நல்ல புள்ள நீங்க. இன்ஷாப் தானே பேரு? ஊரு திகனையா? அதான் பேச்சு அப்பிடி மரியாதையா இருக்கு.

சரி, இதச் சொல்லுங்க. வீட்ல ராத்திரிக்கு சார்ஜுக்குப் போட்டுட்டு விடிய கெளம்பினா மட்டக்களப்பு போய்ச் சேந்துருமா? ஏசி போட்டு, ஆள் நெறஞ்சு, பின்னுக்கு சாமானும் வச்சுக்கிட்டு. மஹியங்கனைப் பக்கமா தான் போவேன். அந்த மலையில பதினெட்டு வளைவும் எறக்கம், அதுல எப்பிடியும் கொஞ்சம் ஏறும், இல்லையா? வரும்போது தான் அந்த மல முழுசையும் ஏறணும். அங்கேயும் சார்ஜ் போடுற எடம் இருக்கா? சரி சரி. ஏப்ரல் லீவுக்குப் புள்ளைங்கள பாசிக்குடாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். புது வண்டில மொதப் பயணம். சின்னவ இப்பவே நீச்சல் உடுப்பு வாங்கி வச்சிருக்கா. அப்பாவும் எங்க ஒழுங்கை முழுக்க, வீடு வீடாச் சொல்லிட்டாரு, நாங்க மட்டக்களப்பு போறோம், கரண்ட் வண்டில போறோம்னு.

அஞ்சு சீட் தானே தம்பி இது? சரியா அஞ்சு.

இல்ல, பேப்பர்ல போட்டிருக்கு, பாத்தேன். சும்மா ஒருக்கா கேட்டேன். நானு, வீட்டுக்காரி சஞ்சீவனி, மூணு புள்ளைங்க. மூத்தவ மதுஷா, இந்த வருசம் ஓ எல் சோதனை எழுதுறா. நடுவுல திலக்ஷன். அப்பறம் சின்னவ. அஞ்சு பேரு. ஆமா, அப்பா எங்களோட தான் இருக்காரு. அவரையும் சேத்தா ஆறு.

அது தெரியும், வந்த ஒடனேயே அந்த ஏழு சீட்டத்தான் நீங்க காட்டினீங்க. நா கொற சொல்ல மாட்டேன், நல்ல வண்டி. நாங்க இருக்குறது கட்டுகஸ்தோட்டையில, தம்பி, வீட்டுக்குப் போற ஒழுங்கை ரொம்ப ஒடுக்கம். அதுல அவ்வளவு நீளமான வண்டி திரும்பாது. என்னது, இதவிட ஒரு சாண் தான் கூடவா? பாக்க பெருசா தெரியுதே. சரி, திரும்பும்னு வச்சுக்குவோம். கடைசி சீட்டுக்கு ஏசி வராதுன்னு யாரோ சொன்னாங்க. வருமா. மேல ஓட்டை வச்சிருக்காங்களா. பாரம் கூடினா சார்ஜ் சீக்கிரம் எறங்கிருமே? ஓ, சார்ஜ் நிக்கிற பெற்றியும் பெருசு. வெலயும் ஏறக்கொறைய ஒண்ணுதான், அது காலையிலயே சொல்லிட்டீங்க.

சஞ்சீவனிக்கு இந்த வெள்ளை சீட் தான் புடிச்சிருக்கு. படத்துல பாத்துட்டு அதையே சொல்லிட்டு இருக்கா. ஏழு சீட்டும் வெள்ளைல வருமா? நீங்க எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க தம்பி.

இந்தக் கல்லக் கொடஞ்சு ரோடு போட்ட எடத்தத் தாண்டி, கொஞ்சம் அகலமா இருக்குற எடத்துல திருப்பிருவோம். பாருங்க, ஒரே இழுப்புல திரும்பிருச்சு. இப்ப ஏறுது. ஐயோ, இது என்னா இழுவை. எங்க வேனா இருந்தா இந்த எடத்துல ரெண்டாவது கியருக்கு வந்து, கரும்புகைய விட்டுக்கிட்டு, பின்னுக்கு வர்றவன் ஏச ஏச ஏறும். இது மூச்சு விடுற சத்தம் கூட இல்லாம ஏறுதே. லொறியத் தாண்டட்டுமா? வேணாம், வளைவு.

வேன வித்துட்டேன். எல்லார்கிட்டயும் டீசல் கட்டுப்படியாகலன்னு சொல்லி வச்சிருக்கேன். அதும் உண்மைதான். எனக்குக் கட்டுகஸ்தோட்டையில ஹார்ட்வெயார் கடை, பெயின்டு, பைப்பு, அப்பிடி. சாமான் ஏத்துறதுக்கு வேற லொறி இருக்கு, வேன் வீட்டுக்குத்தான். அந்த எண்ணெப் பஞ்சம் வந்திச்சே, நீங்க அப்ப ஸ்கூல்ல இருந்திருப்பீங்க, கியூ எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியாது. அந்தக் கியூவுல வேனுக்குள்ளேயே படுத்துக் கெடந்து டீசல் அடிச்சிட்டு வந்தது யாருன்னு நெனைக்கிறீங்க, அப்பாதான். நீ கடையப் பாரு, எனக்கு வண்டில தூங்கிப் பழக்கம்னு போயிட்டாரு. மூணு வேளையும் சோத்தக் கட்டிக்கிட்டுப் போயிக் குடுப்பேன். சீட்டச் சாய்ச்சுப் போட்டு, பக்கத்து வண்டி டிரைவர்மாரோட சிங்களத்துல ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பாரு. நல்ல சந்தோசமா இருந்தாருன்னு தான் சொல்லணும். இனிமே கியூவே கெடையாது, வீட்லயே மாட்டிக்கலாம்னு இந்தக் கரண்ட் வண்டி கதைய மொதல்ல எடுத்ததும் அவரு தான். போன்ல வீடியோ பாத்துப் பாத்து, எது மல ஏறும், எது ஏறாது, எந்த பெற்றிக்கு எத்தன வருசம் வொறண்டி, எல்லாம் அவருக்குப் பாடம், எஞ்சின் இல்லங்கிறது மட்டும் தான் இன்னும் மனசுக்கு ஒத்துக்கல. என்னயவிட அவருக்குத்தான் இந்த வண்டியப் பத்தித் தெரியும் தம்பி.

ஒண்ணு கேக்குறேன், கோவிக்காதீங்க. பின் சீட்டுல நாலு பேர் உட்கார்ந்தா வண்டி சத்தம் போடுமா? பெல்ட் போடலன்னா கத்தும்னு கேள்விப்பட்டேன். மூணு பெல்ட் தான் இருக்கு, என்ன? நாலாவது ஆளுக்கு இல்ல. அப்ப நாலாவது ஆள் ஏற முடியாது, அதுதானே சட்டம்? இல்ல, உங்களுக்கு வழக்கம் தெரியும், எனக்கும் தெரியும். சின்னத மடில வச்சுக்க, கொஞ்சம் நெருங்கி உக்காருன்னு ஏத்திருவாங்க. நடுவுல கால் வைக்க மேடு இருக்கும்னு நெனச்சேன். பழைய கார்ல இருக்குமே. இதுல தரை ஒரே மட்டமா, விசாலமா வச்சிருக்காங்க. எவ்வளவு நெருக்கினாலும் எடம் வருது. இப்பிடியா செய்வாங்க.

இல்ல தம்பி, எடம் கூட இருக்குறது நல்லது தான், நா கொற சொல்லல.

புள்ளைங்களுக்குன்னு தனியாக் கதிரை ஒண்ணு பூட்டுறாங்களே, அது இதுல பூட்டலாமா? சின்னவளுக்கு ஆறு வயசு. தேவைப்படும்னு சொல்றாங்க இல்லையா? அது பூட்டினா ஒரு ஆளோட எடம் முழுசா அடைஞ்சிரும். பக்கத்துல யாரும் ஒட்டிக்கிட்டு உக்கார முடியாது. ஆமா, அதும் ஒண்ணு போட்டுருங்க. வண்டியோடயே சேத்துப் போட்டுருங்க.

ஏன் இப்பிடிப் பாக்குறீங்கன்னு தெரியுது. எல்லாரும் வண்டி வாங்க வந்தா எடம் பத்துமான்னு கேப்பாங்க. இவன் ஒருத்தன் பத்தாமப் போகுமான்னு கேக்குறானேன்னு பாக்குறீங்க.

உங்க வீட்டுல எப்பிடின்னு தெரியாது. எங்க ஆளுங்கள்ல ஒரு பழக்கம் இருக்கு. வராதன்னு யாரும் யாரையும் சொல்ல மாட்டோம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வண்டி கெளம்புதுன்னா, வாசல்ல யார் செருப்பப் போட்டுக்கிட்டு நின்னாலும் ஏத்திக்கணும். ஏத்த மனசில்லன்னா சொல்றதுக்கு ஒரே ஒரு சொல்லுதான் இருக்கு. வண்டில எடமில்ல. அதச் சொன்னா யாருக்கும் கோவம் வராது. கோவிச்சுக்கக் கூடாது, அது தான் மொற. சரிப்பா, நீங்க போயிட்டு வாங்கன்னு செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிருவாங்க. சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். ஆனா வண்டிதானே சொல்லிச்சு, மனுசன் சொல்லலையே. எங்க சின்னம்மா ஒருத்தர நாங்க அப்பிடித்தான் பத்து வருசமா எங்கேயும் கூட்டிட்டுப் போகல. வேன்ல எடம் இருந்திச்சு. சாமான ஏத்தி எடத்த அடைச்சிருவோம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

ஆனா அப்பாவ யாரும் அப்பிடிச் சொன்னது கெடையாது. எப்பிடிச் சொல்றது, முன் சீட்டு அவரோடது. டிரைவர் வேலையிலேருந்து நின்னதுக்கப்பறம் அவருக்கு மிஞ்சினது அந்த சீட்டு ஒண்ணுதான். எங்க கல்யாணத்தன்னைக்கு, பூ கட்டின கார்ல, நானும் சஞ்சீவனியும் பின்னுக்கு, முன்னுக்கு அப்பா. டிரைவருக்கு வழி சொல்லிக்கிட்டு. அன்னைக்குப் பின்னுக்கு ஏறினவ தான் தம்பி, இன்னமும் பின்னுக்குத்தான். வளைவு ரோட்டுல பின்னுக்கு உட்கார்ந்தா அவளுக்குத் தல சுத்தும். தோடம்பழத் தோல மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டே வருவா. ஒரு நாள் கூட முன்னுக்கு நா உக்காறேன்னு கேட்டதில்ல. போன மாசம் இந்த வண்டிப் படத்தப் பாத்துட்டு, அஞ்சு சீட்டுன்னா நா முன்னுக்கு உக்காரலாம்ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மாமா வர வேணாம்னு சொல்லல. நானும் கேக்கல. அவ மேல பழியப் போட்டுப் பேசுறேன்னு நெனைக்காதீங்க. அவ சொன்னது ஞாயம். அந்த ஞாயத்துக்குப் பின்னுக்கு நா ஒளிஞ்சுக்கிட்டேன், அது தான் கத.

இல்ல, முன் சீட்டு மட்டும் காரணமா இருந்தா அவருகிட்டயே சொல்லிருக்கலாம். அப்பா, நீங்க பின்னுக்கு உக்காருங்கன்னு. கொஞ்சம் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு சரின்னுருவாரு. அது இல்ல.

கடுகண்ணாவை கடந்துட்டமா. இங்க ஓரமா கொஞ்சம் நிப்பாட்டட்டுமா? உங்களுக்கு நேரம் போகாதுதானே? சரி, ஓட்டிக்கிட்டே சொல்றேன். மூஞ்சியப் பாக்காம பேசுறது லேசு.

போன வருசம் பண்டாரவளையில சஞ்சீவனியோட அண்ணன் வீடு கட்டிக் குடி போனாரு. பால் காய்ச்சுற நேரம் காலையில. நாங்க இருட்டோட கெளம்பினோம், இருந்தாலும் நுவரெலியா தாண்டும்போதே சுணங்கிப் போச்சு. வெலிமடை ரோட்டுல போயிக்கிட்டு இருக்கோம். அப்பா, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுப்பா, ஒண்ணுக்குப் போகணும்ன்னாரு. அவருக்கு அந்தத் தொந்தரவு இருக்கு. டொக்டர் சொல்றாரு, பஸ் ஓட்டுற காலம் முழுக்க அடக்கி அடக்கி வச்சதால வந்ததாம், டிரைவர்மாருக்கு வரும்னு. அடுத்த பெற்றோல் ஷெட்ல நிப்பாட்டுறேன் அப்பான்னேன். பின்னுக்கு வண்டி வரிசையா வருது, நேரம் போகுது, மச்சான் வேற போன்ல எங்க இருக்கீங்க எங்க இருக்கீங்கன்னு. கொஞ்ச தூரம் போயி மறுபடி கேட்டாரு. இந்தா வந்துட்டோம்னேன். ஷெட்டும் வந்திச்சு தம்பி. உள்ள வண்டிங்க நெறைய நின்னிச்சு. நா நிப்பாட்டல.

அதுக்கப்பறம் அவரு கேக்கல.

நா என்னா நெனச்சேன்னா, சரி, அடங்கிருச்சு போலன்னு. கொஞ்ச நேரத்துல திலக்ஷன் பின்னுக்கிருந்து, ஜன்னலத் தொறங்க, என்னமோ வாசம்ன்னான். சஞ்சீவனி அவன் தொடையில ஒண்ணு வச்சா. அப்பத்தான் திரும்பிப் பாத்தேன். அப்பா ரோட்டயே பாத்துக்கிட்டு இருக்காரு. வேட்டிமேல துண்ட விரிச்சு வச்சுக்கிட்டு. எதுக்க லொறி வருது, பாத்து ஓட்டுன்னு சொன்னாரு. கொரல் வழக்கம் போலத்தான் இருந்திச்சு.

அங்க போயி எறங்கல. வண்டிக்குக் காவலா நா இருக்கேன், நீங்க போங்கன்னு சொல்லிட்டாரு. மச்சான் வந்து கூப்பிட்டாரு, அத்தை வந்து கூப்பிட்டாங்க. வரல. புது வீட்டு வாசல்ல வண்டிய யார் தூக்கிட்டுப் போகப்போறா. எல்லாருக்கும் வெளங்கிருச்சு. சஞ்சீவனி தான் எலையில சோத்தப் போட்டு வேனுக்குக் கொண்டு போயிக் குடுத்தா. வீட்டுக்கு வந்து சீட் கவரக் கழட்டித் தொவச்சவளும் அவ தான். அப்பறமும் அந்த வாசம் எனக்குப் போகல. போயிருச்சு, மத்தவங்களுக்குப் போயிருச்சுதான். மதுஷா அதுக்கப்பறம் வேன்ல டியூசனுக்கு வர மாட்டேன்னுட்டா, பஸ்ல போயிக்கிறேன்னா. வேன ஏன் வித்தேன்னு இப்ப வெளங்குதா. டீசல் எல்லாம் சும்மா ஊருக்குச் சொல்றது.

அவரு பஸ் ஓட்டின காலத்துல தம்பி, கைப்புள்ளக்காரி ஒருத்தி பின்னுக்கிருந்து, புள்ளைக்கு அவசரம்னு சொன்னாப் போதும், நடு ரோட்டுல நிப்பாட்டுவாரு. கொண்டக்டர் ஏசுவான், பின்னுக்கு வர்ற பஸ் தாண்டிப் போயிரும், கலெக்ஷன் கொறையும். அதெல்லாம் பாக்க மாட்டாரு. வயசானவங்க எறங்கிப் போயிட்டு வந்து ஏறுற வரைக்கும் பஸ் நிக்கும். நா சின்ன வயசுல அந்த பஸ்ல போயிருக்கேன். பாத்திருக்கேன். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு நா ஷெட்ல வண்டிய நிப்பாட்டல.

நீங்க சொல்றது சரி. போற வழியில அடிக்கடி நிப்பாட்டினா முடிஞ்சிச்சு. அதுக்கென்னா கஷ்டம். ஒரு மணித்தியாலம் கூடுதலாகும், அவ்வளவுதானே. ஆனா எனக்குப் பயம் தம்பி. எங்க மறுபடி அப்பிடி ஆயிருமோன்னு. பாசிக்குடாவுல ஹோட்டல், புள்ளைங்க, மச்சான் குடும்பமும் அங்க வருது. அவருக்கு வெக்கமாப் போயிருமேன்னு பயப்படுறேன்னு தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ரொம்ப நாளா. அது பொய். வெக்கம் எனக்கு. எங்கப்பாவோட ஒண்ணா எறங்க எனக்கு வெக்கமா இருக்கு. இத நா யார்கிட்டயும் சொன்னதில்ல. சஞ்சீவனிகிட்ட கூட. உங்ககிட்ட சொல்லலாம், நாளைக்கு நீங்க என்னய எங்க பாக்கப் போறீங்க.

அவருக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா. அதுக்கப்பறம் எங்கயாவது போறோம்னா, முதல் நாள் மத்தியானத்தோட தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிருவாரு. நாக்கு ஒட்டிக்கிட்டு, ஒதடு வெடிச்சு, அப்பிடியே வருவாரு. ஏன் அப்பா குடிக்கலன்னு கேட்டா தாகமில்லம்பாரு. இன்னைக்கு உங்க ஷோறூமுக்கு வர்றதுக்கும் அப்பிடித்தான். கட்டுகஸ்தோட்டையிலேருந்து பிலிமத்தலாவ வர எவ்வளவு நேரம், த்ரீவீல்ல வந்தோம். அதுக்கே நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணும் குடிக்கல. நீங்க குடுத்த டீய அப்பிடியே மேசையில வச்சிட்டு, சூடா இருக்கு, பொறவு குடிக்கிறேன்னாரு, கவனிச்சீங்களா. இந்தளவுக்கு ஒருத்தர் கூட வர ஆசப்படுறாரு. நா எடமில்லாத வண்டியாத் தேடிக்கிட்டு இருக்கேன்.

பிலிமத்தலாவ வந்துட்டோம். இந்த நெரிசல்ல ஓட்டவும் லேசாத்தான் இருக்கு. காலாலயே எல்லாம் நடக்குது. நல்ல வண்டி. ஒரு கொறையும் சொல்றதுக்கில்ல. சர்வீஸ் கண்டியிலேயே செய்யலாம், பெற்றிக்கு எட்டு வருசம் வொறண்டி, மல ஏறுது, மழத்தண்ணி நிக்கிற எடத்துல போகலாம்ங்கிறீங்க. வேற என்னா வேணும் மனுசனுக்கு.

ஏழு சீட்ட எடுங்கன்னு நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும். எனக்கும் மனசு அந்தப் பக்கம் போகாம இல்ல. இந்த மேட்டுல ஏறி வரும்போது கூட நெனச்சேன். சஞ்சீவனி முன்னுக்கு, புள்ளைங்க நடுவுல, அப்பா பின்னுக்கு, எல்லாரும் போகலாமேன்னு. வெலயும் ஒண்ணு, எடமும் இருக்கு. எல்லாத்துக்கும் பதில் இருக்கு. அதான் எனக்கு எரிச்சலா இருக்கு. ஒரு சாக்குக்கூட மிச்சம் வைக்காம வண்டியச் செஞ்சிருக்காங்க.

இந்தப் பக்கமா உள்ள எடுக்கவா? கொடி கட்டின கேட்டுதானே.

கொஞ்சம் இருங்க. அது யாரு, கண்ணாடிக்குள்ள தெரியுது, அந்த ஏழு சீட் வண்டில? அப்பாதான். உங்க ஒப்பிஸ் புள்ள கதவத் தொறந்து விட்டிருக்கு போல. முன்னுக்கு இல்ல பாருங்க. நடு சீட்டும் இல்ல. கடைசி சீட்டுல, அந்த மூலைல ஏறி உட்கார்ந்திருக்காரு. முழங்கால் ரெண்டும் நெஞ்ச முட்டுது, தல கூரையில இடிக்குது. பெல்ட்டும் போட்டுருக்காரு. என் வயசுக்கு நா அவர முன் சீட்டத் தவிர வேற எதுலயும் பாத்ததில்ல தம்பி. நம்மளத்தான் பாக்குறாரு. கையக் காட்டுறாரு. அங்க உக்காந்துக்கலாம், எனக்கு இது போதும்னு காட்டுறாரு.

நானும் கையக் காட்டினேன். காட்டாம என்ன செய்ய.

தம்பி, ஒரு ஒதவி. நீங்க மொதல்ல எறங்கிப் போங்க. அந்த வண்டி நேத்தே புக் ஆயிருச்சு, நாந்தான் கவனிக்கலன்னு சொல்லிருங்க. இன்னொண்ணு வர்றதுக்கு இந்த வருசம் ஆகாதுன்னும் சொல்லுங்க. நா சொன்னா மூஞ்சியப் பாத்தே புடிச்சிருவாரு. நீங்க சொன்னா, சரி மகன், பரவாயில்லன்னுருவாரு, கோவிக்க மாட்டாரு. இல்ல, இப்பப் பேசாதீங்க, நீங்க நல்ல புள்ளன்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டு ஒரு கையக் குடுத்து எறக்கி விடுங்க, அந்தக் கடைசி சீட்டுலேருந்து அவரால தனியா எறங்க முடியாது. நா இந்த வண்டிய அந்தப் பக்கமா நிப்பாட்டிட்டு வர்றேன்.